பெயர் வேறு, கார் ஒன்று: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கார் கேள்விகளில் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒரே காரை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரில் விற்கின்றன, எதை வாங்குவது, வாங்கினால் பிற்பாடு என்ன சிக்கல் வரும் என்பதுதான் அது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

பலேனோ பார்க்கப் போனேன். பக்கத்திலேயே டொயோட்டா ஷோரூமில் கிளான்ஸா நிற்கிறது. உள்ளே உட்கார்ந்தால் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சின்னம் தவிர எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. உண்மையிலேயே ஒரே கார்தானா? ஒன்று என்றால் எதை எடுப்பது?
– வாசகர், கோவை

ஒரே கார்தான். மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் குஜராத்தில் ஹன்சல்பூரில் உள்ள சுசூகி ஆலையில் தயாராகின்றன. கிளான்ஸா 2019 ஜூனில் வந்தது; இப்போதைய தலைமுறை 2022இல் வந்தது. இரண்டிலும் அதே 1,197 சிசி, நான்கு சிலிண்டர், 90 பி.எஸ். (குதிரைத்திறன்) பெட்ரோல் இன்ஜின். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் பொது. முன் பம்பர், கிரில், ஹெட்லைட்டுக்குள் எரியும் பகல் விளக்கின் வடிவம், அலாய் வீல், உள்ளே டேஷ்போர்டு மற்றும் சீட்டின் நிறம், சின்னங்கள் ஆகியவைதான் வேறு.

ஆகவே "எந்த இன்ஜின் நல்லது", "எது அதிக மைலேஜ் தரும்" என்று இந்த இரண்டுக்கும் நடுவே கேட்பதில் பயனில்லை. வாரன்டி, வேரியண்ட் (வசதிக்கேற்ப விலை மாறும் ரகம்), சர்வீஸ் சென்டரின் தூரம், டெலிவரிக்குக் காத்திருக்க வேண்டிய நாள் ஆகிய நான்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

வாரன்டிதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. மாருதி 2024 ஜூலை வரை 2 வருடம் அல்லது 40,000 கி.மீ.தான் கொடுத்தது. அப்போது டொயோட்டாவின் 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. பெரிய வித்தியாசமாக இருந்தது. 2024 ஜூலையில் மாருதியும் அதே 3 வருடம், 1 லட்சம் கி.மீ.க்கு வந்துவிட்டது. இப்போது வித்தியாசம் பணம் கட்டி நீட்டிக்கும் வாரன்டியில் இருக்கிறது. மாருதியில் 6 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை நீட்டிக்கலாம். டொயோட்டாவில் 5 வருடம் அல்லது 2.2 லட்சம் கி.மீ. வரை. இதில் எது முதலில் தீருகிறதோ அதோடு வாரன்டி முடியும். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மாருதியில் ஒரு வருடம் கூடுதல் பாதுகாப்பு. தொழிலுக்காக வருடம் 35,000 கி.மீ. ஓட்டுபவருக்கோ மாருதி கணக்கு நாலரை வருடத்தில் தீர்ந்துவிடும்; டொயோட்டாவில் ஐந்து வருடமும் முழுதாகக் கிடைக்கும். உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

வேரியண்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பலேனோவில் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா. கிளான்ஸாவில் ஈ, எஸ், ஜி, வி. வரிசைப்படி ஜோடி சேர்த்தால் ஏறக்குறைய பொருந்தும், ஆனால் முழுக்கப் பொருந்தாது. இரண்டு பிரோஷரையும் பக்கத்தில் வைத்து ஏர்பேக், ரிவர்ஸ் கேமரா, பின் ஏசி துவாரம், பின் வைப்பர் என்று வரி வரியாக டிக் அடியுங்கள். பிறகு ஆன்-ரோடு விலையைப் பாருங்கள். ஒரு ஷோரூம் கோட்டேஷனில் எக்ஸ்டெண்டட் வாரன்டி சேர்ந்திருக்கும், இன்னொன்றில் அது இல்லாமல் ஆக்சசரி பேக் சேர்ந்திருக்கும். இன்சூரன்ஸும் ஒன்றில் பம்பர்-டு-பம்பர் (தேய்மானம் கழிக்காதது), இன்னொன்றில் சாதாரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்து எழுதி வாங்கினால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

கிளான்ஸா வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாருதி சர்வீஸ் சென்டர்தான் இருக்கிறது, டொயோட்டாவுக்கு 60 கி.மீ. போக வேண்டும். கார் ஒன்றுதானே, மாருதியில் சர்வீஸ் விடலாமா?
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

வாரன்டி இருக்கும் வரை விடாதீர்கள். வாரன்டி கொடுப்பது காரைத் தயாரித்த ஆலை அல்ல, அதை உங்களுக்குத் தன் பெயரில் விற்ற கம்பெனி. உங்கள் சேஸிஸ் நம்பரைத் தட்டினால் மாருதியின் கணினியில் வண்டி வராது. இலவச சர்வீஸும் வாரன்டி கிளெய்மும் அங்கே கிடையாது.

வாரன்டி முடிந்த பிறகு கதை வேறு. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர் எல்லாம் பலேனோவுக்குப் போடுவதுதான். நம்பகமான பட்டறையில் தாராளமாக விடலாம். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "பலேனோவுக்குக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். மாடல் வருடமும் இன்ஜின் வகையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022க்கு முந்தைய பலேனோவும் பிந்தையதும் வேறு வேறு உடம்பு. பழைய பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரை போனில் படம் எடுத்துக் கொண்டு போவது இன்னும் நல்லது. ஒரே பாகம் டொயோட்டா பெட்டியில் ஒரு எண்ணோடும் மாருதி பெட்டியில் வேறு எண்ணோடும் இருந்தாலும், பாகத்தின் உடம்பில் இருக்கும் வார்ப்பு அடையாளத்தை வைத்து ஒப்பிட்டுவிடலாம். சாவி புதிதாகப் பதிவு செய்வது, ஏர்பேக் கம்ப்யூட்டர் மாற்றுவது மாதிரி வேலைகளுக்கு மட்டும் அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் எந்தக் கம்பெனி கார்? ஹைபிரிட் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.
– வாசகர், மதுரை

கிராண்ட் விட்டாரா மாருதியின் பெயரில், ஹைரைடர் டொயோட்டாவின் பெயரில். 2022இல் வந்த இந்த ஜோடியில் இரண்டு கம்பெனியின் கைவேலையும் கலந்திருக்கிறது. பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில்தான் இரண்டும் தயாராக ஆரம்பித்தன. கார் கம்பெனி எது என்று பார்ப்பதைவிட இன்ஜின் யாருடையது என்று பார்ப்பது இங்கே பயன் தரும். மைல்ட் ஹைபிரிட்டில் (மின்மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் உதவ மட்டும் செய்யும் வகை) இருப்பது சுசூகியின் 1,462 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், 103 பி.எஸ். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் (மின்மோட்டார் தனியாகவும் காரை ஓட்டக்கூடிய வகை) இருப்பது டொயோட்டாவின் 1,490 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். மோட்டாரோடு சேர்த்து மொத்தம் 116 பி.எஸ். இதற்குச் சொல்லப்படும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. அது ஆய்வுக்கூட எண். மோட்டார் அதிகம் உதவுவது நகரத்துக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான். நான்குவழிச் சாலையில் நூறைத் தாண்டி ஓட்டுபவருக்கு அந்த லாபம் குறையும். தினமும் சிட்டிக்குள் ஓட்டுகிறீர்களா, வாரம் ஒரு முறை சென்னை போய் வருகிறீர்களா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பேட்டரி டிக்கித் தளத்துக்கு அடியில் இருக்கிறது. அதனால் டிக்கி சிறியது. குடும்பத்தோடு வெளியூர் போகும் பழக்கம் இருந்தால் உங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஹைபிரிட் பேட்டரிக்கு இரண்டு கம்பெனியுமே 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி தருகின்றன.

இரண்டுக்கும் வித்தியாசம் வேரியண்டில்தான். வந்த புதிதில் ஹைரைடரில் ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ் வேரியண்டிலிருந்தே கிடைத்தது. கிராண்ட் விட்டாராவில் ஜீட்டா பிளஸ், ஆல்ஃபா பிளஸ் என்ற மேல்தட்டு வேரியண்டுகளில் மட்டும். செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு ஹைபிரிட் தேடுபவர்கள் இதை நினைவில் வைத்து ஹைரைடர் எஸ் கிடைக்குமா என்று பார்க்கலாம். பழைய ஹைபிரிட் எடுக்கும்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனை அறிக்கை எடுத்துக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள்.

இதே ஏற்பாட்டில் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், 2023 ஜூலையில் மாருதி இன்விக்டோ ஆனது. இன்விக்டோ ஹைபிரிட்டாக மட்டும் வந்தது. ஹைகிராஸின் உச்ச வேரியண்டில் இருக்கும் ஓட்டுநர் உதவி வசதிகள் அதில் இல்லாமல் வந்தன. வீலும் 18க்குப் பதில் 17 அங்குலம். இப்படி ஒரு கம்பெனி மற்றதற்குக் காரைக் கொடுக்கும்போது தன் உச்ச வேரியண்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வது உண்டு.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சொந்தமாக ஒரு கார் செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

முடியும், ஆனால் செலவு தாங்காது. ஒரு கதவுத் தகட்டை அழுத்தி எடுக்கும் அச்சு (டை) தொடங்கி மோதல் சோதனை வரை எல்லாவற்றுக்கும் செய்யும் முதலீட்டை விற்கும் கார்களின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு காரின் அடக்கவிலை வரும். எண்ணிக்கை கூடினால் அடக்கவிலை இறங்கும். ஏற்கெனவே இருக்கும் காருக்குப் புது பம்பரும் கிரிலும் செய்வது அந்த முதலீட்டில் மிகச் சிறிய பங்கு.

டொயோட்டாவும் சுசூகியும் 2017 பிப்ரவரியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, 2018 மார்ச்சில் இந்தியாவில் கார்களைப் பரிமாறிக்கொள்வது என்று முடிவு செய்தன. டொயோட்டாவிடம் இந்தியாவுக்கு ஏற்ற நல்ல சின்ன கார் இல்லை. மாருதியிடம் ஸ்ட்ராங் ஹைபிரிட் தொழில்நுட்பம் இல்லை. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி எரிபொருள் செலவுக்கு அரசு வரம்பு வைத்திருப்பதால் அது அவசியமாயிற்று. ஆளுக்கு ஒரு குறை, மாற்றிக்கொண்டார்கள்.

இது எப்போதும் பலிப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் சாதாரண செவர்லே கவாலியரை மெருகேற்றி, காடிலாக் சிமரோன் என்று 1982 மாடலாக அதிக விலைக்கு விற்றது. வாங்குபவர்கள் கண்டுகொண்டார்கள். 1988இல் அந்தக் கார் போய்விட்டது. காடிலாக்கின் மதிப்பில் விழுந்த கறை அதைவிட நீண்ட நாள் இருந்தது. மலேசியாவில் நேர்மாறு: மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை வைத்து 1985இல் வந்த புரோட்டான் சாகாதான் அந்த நாட்டுக் கார் தொழிலுக்கே அடித்தளம்.

கிரெட்டா–செல்டோஸ், குஷாக்–டைகுன் இவையும் இதே ரகமா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. பிளாட்பாரத்தை, அதாவது காரின் அடித்தள அமைப்பை, பகிர்வது வேறு, பெயரை மட்டும் மாற்றுவது வேறு. ஹூண்டாய் கிரெட்டாவும் முதல் தலைமுறை கியா செல்டோஸும் இன்ஜின், கியர்பாக்ஸ், அடித்தளம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளித் தகடு, டேஷ்போர்டு, சஸ்பென்ஷன் செட்டிங் எல்லாம் தனி. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிறது, மற்றது ஆந்திராவின் அனந்தபூர் பக்கம். ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் புனே அருகே சாக்கனில் தயாராகின்றன. 2,651 மி.மீ. வீல்பேஸும் 1.0, 1.5 லிட்டர் டர்போ இன்ஜின்களும் ஒன்று, உடம்பு வேறு. இந்த வகையில் ஓட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலேனோ–கிளான்ஸா மாதிரி காகிதத்தில் முடிக்க முடியாது. பாதுகாப்பு மதிப்பெண்ணில் மட்டும் இவையும் சேர்ந்தே நின்றன: கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2022 அக்டோபரில் குஷாக், டைகுன் இரண்டுக்கும் சேர்த்தே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

செகண்ட் ஹேண்டில் டொயோட்டா அர்பன் குரூஸர் (பழையது) மலிவாக வருகிறது. கம்பெனி நிறுத்திவிட்டதாமே, ஸ்பேர் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

2020 செப்டம்பரில் வந்து 2022இல் நின்றுபோன கார் அது. மாருதி விட்டாரா பிரெஸ்ஸாதான். 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பி.எஸ்.; ஆட்டோமேட்டிக் என்றால் நான்கு கியர். இன்ஜினும் கியர்பாக்ஸும் மாருதி வண்டிகளில் ஏராளமாக ஓடுகின்றன, அதில் கவலையே வேண்டாம். கதவு, கண்ணாடி, கூரை ஆகியவை அதே தலைமுறை பிரெஸ்ஸாவிலிருந்து எடுக்கலாம்.

சிக்கல் முகத்தில். முன் பம்பர், கிரில், ஃபாக் லைட்டைச் சுற்றிய சட்டம் ஆகியவை இந்தக் காருக்கு மட்டும் செய்யப்பட்டவை. இரண்டே வருடம் விற்ற காரின் முகத்தை லோக்கல் கம்பெனிகள் காப்பி அடித்துச் செய்ய மாட்டார்கள். ஒரிஜினலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே வண்டி பார்க்கும்போது முன்பக்கம் குனிந்து பாருங்கள். பம்பரும் ஃபெண்டரும் சேரும் கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா, கிளிப் உடைந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கிறார்களா, கிரிலில் குரோம் உரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இவை முழுசாக இருந்தால் நல்ல விலைக்குப் பேசி எடுக்கலாம். கிளிப் உடைந்திருந்தால் ஒரு புதுப் பம்பரின் விலை, பெயிண்டிங் கூலி, காத்திருக்கும் நாள் மூன்றையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

நிஸான் டெரானோ டீசல் 2015 மாடல் பார்த்திருக்கிறேன். டஸ்டர் பார்ட்ஸ் இதற்குப் பொருந்தும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், செங்கல்பட்டு

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பிறந்தவைதான் இரண்டும். ரெனோ–நிஸான் ஆலை 2010இல் அங்கே தொடங்கியது. நிஸான் மைக்ராவை ரெனோ பல்ஸ் என்றும், சன்னியை ஸ்கேலா என்றும் விற்றார்கள். டஸ்டர் 2012இல் வந்தது, அது 2013இல் டெரானோ ஆனது. மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரி. 1,461 சிசி டீசல் இன்ஜின் இரண்டிலும் ஒன்று. ஆனால் மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

முதலாவது, இந்த இன்ஜின் 85, 110 பி.எஸ். என இரண்டு அளவில் வந்தது. 85க்கு ஐந்து கியர், 110க்கு ஆறு கியர். கிளட்ச் செட், டர்போ வாங்கும்போது எந்த அளவு என்று சொல்லாவிட்டால் தவறான பெட்டி வரும். இரண்டாவது, டஸ்டரில் நான்கு சக்கர இயக்க வகை இருந்தது, டெரானோவில் இல்லை. அந்த டஸ்டரின் பின் சஸ்பென்ஷன் அமைப்பே வேறு. பழைய இரும்புக் கடையில் கழற்றி வைத்திருக்கும் பின்பக்கப் பாகங்களை எடுத்தால் பொருந்தாது. மூன்றாவது, ஹெட்லைட், கிரில், முன் பம்பர், டெயில் லைட், டிக்கி கதவு ஆகியவை டெரானோவுக்குத் தனி.

இது டைமிங் பெல்ட் இன்ஜின். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், வண்டி எடுத்ததும் முதல் வேலையாக பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் மேல்பாகம் முழுக்க வேலை வந்துவிடும்.

ஜப்பானிலிருந்து இறக்கும் டொயோட்டா ரைஸ், டைஹட்சு ரொக்கி இரண்டும் ஒன்றா? ரொக்கி சற்று மலிவாக இருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒன்றுதான். இரண்டையும் செய்வது டைஹட்சு. சுபாரு ரெக்ஸ் என்ற மூன்றாவது பெயரும் உண்டு. சேஸிஸ் குறியீட்டைப் பார்த்தால் உடனே புரியும். இரு சக்கர இயக்கம் உள்ள 1 லிட்டர் டர்போ ரைஸ் ஏ200ஏ, ரொக்கி ஏ200எஸ். ஹைபிரிட் ஏ202ஏ, ஏ202எஸ். கடைசி எழுத்து மட்டும்தான் மாறும். ஜப்பானில் வாகனம் ஏலம் போனபோது கொடுத்த தாளிலும் வாகனத்தின் தகட்டிலும் இந்த எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

996 சிசி டர்போவுக்கும் 1.2 லிட்டர் ஹைபிரிட்டுக்கும் வரி வேறுபடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஹைபிரிட்டில் சக்கரத்தைச் சுழற்றுவது எப்போதும் மின்மோட்டார்தான், இன்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டும். சின்ன டர்போவில் ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் டர்போ பேரிங் முதலில் தேயும்; சர்வீஸ் பதிவு இல்லாத வாகனத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2023 மே மாதம், ரைஸ், ரொக்கி ஹைபிரிட்டுகளின் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில் ஒரு பக்கத்தின் தரவையே மறுபக்கத்துக்கும் கொடுத்ததாக டைஹட்சு ஒப்புக்கொண்டது. டிசம்பரில் முறைகேடுகள் 64 மாடல்கள் வரை நீண்டு, எல்லாக் கார்களின் விநியோகமும் நின்றது. டொயோட்டா சின்னம் இருப்பதால் ரைஸ் இதிலிருந்து தப்பவில்லை. எனவே சின்னத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால், மறுவிற்பனையில் டொயோட்டா பெயருக்குக் கிடைக்கும் விலைக்காக மட்டும் கொடுங்கள்.

ரீகால் வந்தால் இரண்டு கம்பெனிக்கும் வருமா?
– வாசகி, நாகர்கோவில்

கோளாறு பொதுவான பாகத்தில் என்றால் வரும், ஆனால் தனித்தனியாக அறிவிப்பார்கள். 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலர் கோளாறுக்காக மாருதி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பலேனோ, கிராண்ட் விட்டாரா அதில் உண்டு. அதே கோளாறுக்கு டொயோட்டா 1,390 கிளான்ஸா, ஹைரைடர் வண்டிகளை அழைத்தது. நீங்கள் கிளான்ஸா வைத்துக்கொண்டு மாருதி தளத்தில் தேடினால் ஒன்றும் வராது. ஆனால் பலேனோவுக்கு ரீகால் என்று செய்தியில் கேட்டால், அன்றே டொயோட்டா தளத்தில் உங்கள் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் போன் நம்பரைக் கம்பெனியில் மாற்றிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தகவல் பழைய ஓனருக்குத்தான் போகும்.

கிளான்ஸாவின் முன்பக்கம் பிடிக்கவில்லை. பலேனோ பம்பர், கிரில், சின்னம் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் முரண்படும்படி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆர்.சி.யில் டொயோட்டா, வண்டியில் சுசூகி சின்னம் என்றால் சோதனையில் நிறுத்துபவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். விபத்து ஏற்பட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் கிளான்ஸா பம்பரின் விலையை எதிர்பார்த்து வருவார். வேறு காரின் பம்பர் இருந்தால் அந்தப் பாகத்துக்கான கிளெய்ம் இழுபடும்.

வேலையாகப் பார்த்தாலும் லேசு இல்லை. பம்பர் மட்டும் மாற்றினால் கிரிலோடும் ஹெட்லைட் விளிம்போடும் இடுக்கு விழும்; மூன்றையும் செட்டாக எடுக்க வேண்டிவரும். உங்களுடையது 360 டிகிரி கேமரா உள்ள வேரியண்டாக இருந்தால் முன் கேமராவின் இடம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் திரையில் வரும் படம் கோணலாகும், மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் அந்த வயரிங்கில் பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் கம்பெனி கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். கிரிலைக் கறுப்பாக்கும் ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.